யாரிடம் போய்ச் சொல்வது? மட்டக்களப்பு, அம்பாறையில் உளவளத்துணை தேடுவோருக்கு

மட்டக்களப்பிலோ அம்பாறைக் கரையோரத்திலோ உளவளத்துணையாளர் ஒருவரின் பெயரை யாராவது சொன்னால், கேட்பவர் மனதில் முதலில் எழுவது "அவர் எந்த ஊர், யாருடைய மகள், எங்கே கல்யாணம் முடித்தவர்" என்ற கேள்விதான். படிப்பும் பட்டமும் அதற்குப் பிறகு. வெளியூர்க்காரருக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். எனக்கு மிகச் சரியான கேள்வியாகவே படுகிறது. காலையில் காத்தான்குடியில் சொன்ன சொல் பகல் சாப்பாட்டுக்கு முன் கல்முனைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் இடம் இது. மனதில் கிடப்பதை ஒருவரிடம் அவிழ்த்து வைக்கும் முன், அது எங்கெங்கே போகும் என்று யோசிக்காதவர் இங்கே இல்லை.

அந்தப் பயத்தை மூடி மறைத்துக்கொண்டு தேடினால் பாதி வழியில் திரும்பிவிடுவோம். அதையே முதல் கேள்வியாக்கி, வாய்விட்டுக் கேட்டுத் தேடினால் ஆள் கிடைப்பார். எங்கே போவது, யார் என்ன வேலை செய்கிறார், முதல் நாள் எப்படி இருக்கும், எதைக் கேட்க வேண்டும் என்பவற்றை முதல் தடவை தேடுபவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

அவசரம் என்றால்

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருவரை விடாமல் துரத்துகிறது என்றாலோ, இல்லாத குரல்கள் கேட்டு அவற்றுக்குப் பதில் சொல்கிறார் என்றாலோ, பிள்ளை பெற்ற தாய் ஓரிரு வாரத்தில் நித்திரையே இல்லாமல் தாறுமாறாகப் பேசத் தொடங்குகிறார் என்றாலோ, ஆலோசகரைத் தெரிவுசெய்ய நேரம் இல்லை. அருகிலுள்ள அரச மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே கொண்டுபோங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இரவு இரண்டு மணிக்குப் பேச ஆள் வேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது. 24 மணி நேரமும் எடுப்பார்கள். 1333 என்ற இன்னோர் உளவளத்துணை இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணம் இல்லை. எடுத்தவுடன் தமிழில் கதைக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

வயல் செய்யும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பூச்சிமருந்துப் போத்தல்கள் படிக்கட்டின் கீழும் குசினி மூலையிலும் கிடக்கும் வீடுகள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஏராளம். வீட்டில் ஒருவர் மனமுடைந்திருக்கும் காலத்தில் அந்தப் போத்தல்கள் அங்கே இருக்கக் கூடாது. வேறு வளவில், பூட்டுக்குள் வையுங்கள். அந்த நபரைத் தனியே விடாதீர்கள். "பொலிசுக்குத் தெரிந்தால் வழக்கு வரும்" என்று இன்றும் சிலர் மருத்துவமனைக்குப் போகத் தயங்குகிறார்கள். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 1998ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது.

முதல் படி: உங்களுக்கு யார் தேவை?

பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். பெயர்ப்பலகைகளும் குழப்புகின்றன.

மனநல வைத்திய நிபுணர் என்பவர் மருத்துவம் படித்து, அதற்கு மேல் மனநோய்த் துறையில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். மருந்து எழுதுவார், தேவைப்பட்டால் வாட்டில் அனுமதிப்பார். மனநல வைத்திய அதிகாரியும் மருத்துவர்தான். நிபுணர் இல்லாத மருத்துவமனைகளில் பெரும்பாலும் இவரே உங்களைப் பார்ப்பார். உளவியலாளர் உளவியல் படித்தவர். பேச்சு வழிச் சிகிச்சையும் உளவியல் சோதனைகளும் அவர் வேலை, மருந்து எழுத முடியாது. முறையாகப் பயின்ற உளவியலாளர்கள் கிழக்கில் மிகக் குறைவு. உளவளத்துணையாளர் உங்களோடு இருந்து கதைத்து, நீங்களே உங்கள் சிக்கலுக்கு வழி காண உதவுபவர். இவர்களுக்கு அப்பால், மருத்துவமனை மனநலப் பிரிவில் சமூக சேவையாளரும் சமூக மனநலத் தாதியும் இருப்பார்கள். வீடு தேடி வருவதும், உதவித்தொகைக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று சொல்வதும், வேலைக்குத் திரும்ப வழி செய்வதும் இவர்கள் பாடு. பெயரும் புகழும் இல்லாத வேலை; ஆனால் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவது பல நேரம் இவர்களே.

யாரை முதலில் பார்ப்பது என்பதற்கு நான் சொல்லும் கணக்கு எளிமையானது. நித்திரை, சாப்பாடு, வேலை, குளிப்பு முழுக்கு போன்ற அன்றாடக் காரியங்கள் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்து கிடந்தால் முதலில் மருத்துவர். தைரொயிட் சுரப்பு குறைவதும் இரத்தச்சோகையும்கூட மனச்சோர்வு போலவே சோர்வையும் மந்தத்தையும் காட்டும். ஓர் இரத்தப் பரிசோதனை அதைத் தெளிவாக்கிவிடும். அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் கல்யாணம், கடன், பிரிவு, பிள்ளையின் படிப்பு, மரணம் என்று ஏதோ ஒன்று உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது என்றால் உளவளத்துணையாளர். இரண்டும் தேவைப்படுவதும் உண்டு. ஒருவரிடம் போனால் மற்றவரிடம் போகக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

குடி விடயத்தில் மட்டும் கண்டிப்பாக மருத்துவர்தான் முதலில். நாள்தோறும் பெருமளவு குடித்தவர், மனைவி அழுததற்காகவோ கோயிலில் சத்தியம் செய்ததற்காகவோ ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். சத்தியம் நல்லதுதான். அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யட்டும்.

இரண்டாம் படி: எங்கே தேடுவது

அரச மருத்துவமனையில் இருந்து தொடங்குங்கள். இலவசம் என்பது ஒரு காரணம். மருந்து, பேச்சு, சமூக சேவை மூன்றும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, ஏறாவூர், காத்தான்குடிப் பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் தங்கள் ஆதார வைத்தியசாலையில் விசாரிக்கலாம். அம்பாறை மாவட்டத்துத் தமிழ் பேசுவோருக்குக் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வசதி. தெற்கே அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் இருக்கின்றன. அம்பாறை நகரத்துப் பொது வைத்தியசாலைக்கும் போகலாம், ஆனால் அங்கே நாளாந்தப் பேச்சு சிங்களத்தில்தான் நடக்கும். வயிற்றுவலியை அரைகுறைச் சிங்களத்தில் சொல்லிவிடலாம், மனவலியைச் சொல்ல முடியாது. போகும் முன் தமிழில் கதைக்கக்கூடியவர் அன்று இருப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மனநலக் கிளினிக் எல்லா நாளும் நடப்பதில்லை. இடத்துக்கு இடம் நாள் மாறும், நிபுணர் வேறு மருத்துவமனையில் இருந்து வந்து பார்க்கும் இடங்களும் உண்டு. வாகரையில் இருந்தோ வெல்லாவெளியில் இருந்தோ பஸ் ஏறி வந்து "இன்றைக்கு இல்லை, வியாழக்கிழமை வாருங்கள்" என்று கேட்பதைப் போல மனம் சலிக்க வைப்பது வேறு இல்லை. முதல் நாளே தொலைபேசியில் கேளுங்கள்.

அடுத்தது பிரதேச செயலகம். மட்டக்களப்பில் 14, அம்பாறையில் 20 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. செயலகங்களில் உளவளத்துணைக்கென்று உத்தியோகத்தர்கள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஆகியோரும் அதே கட்டடத்தில் இருப்பார்கள். காசு இல்லை, கடிதமும் தேவையில்லை. நேரே போய்க் கேட்கலாம். குறை ஒன்றுதான். அரச உதவித்தொகைக்கும் காணி அலுவலுக்கும் வந்த அரை ஊரும் அதே வாசலில் நிற்கும். "என்ன மச்சான், நீ எதுக்கு இங்கே?" என்று யாராவது கேட்டே தீருவார். பிறப்புச் சான்றிதழ் எடுக்க வந்தேன் என்று சொல்லிவிடுங்கள். அது பாவத்தில் சேராது. அதுவும் சங்கடம் என்றால், பக்கத்துப் பிரிவு உத்தியோகத்தரிடம் பேச முடியுமா என்று தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் அடி உதை நடக்கிறது என்றால் அரச மருத்துவமனைகளில் "நட்பு நிலையம்" என்ற பெயரில் தனி அறை இயங்கும் இடங்கள் உண்டு. தாதியிடம் அந்தப் பெயரைச் சொன்னாலே போதும், காரணம் கேட்காமல் காட்டுவார்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற அமைப்புகள் நீண்ட காலமாகப் பெண்களோடு நின்று வேலை செய்துவருகின்றன.

பிள்ளை பெற்ற தாய்மார் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம், குழந்தையின் நிறையைப் பார்த்து முடித்ததும், "எனக்கு ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை மிஸ்" என்று ஒரு வரி சொல்லுங்கள். அங்கிருந்து வழி திறக்கும். பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர் இருப்பார். வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் மாணவர் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுள் பலர் விரிவுரையாளர்களும்கூட. உங்கள் விடைத்தாளைத் திருத்தப்போகிறவரிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் முடிவு.

தனியார் சேவையைப் பொறுத்தவரை, சனலிங் நிலையங்களில் மருத்துவ நிபுணரைப் பார்க்கலாம். ஆனால் வெளியே பத்துப் பேர் காத்திருக்கும் மாலை நேரத்தில் கிடைப்பது சில நிமிடங்கள்தான். மருந்துக்கு அது போதும், மனம்விட்டுக் கதைக்கப் போதாது.

முதல் நாள் கிளினிக்கில்

மனநலக் கிளினிக் என்றதும் கம்பி வைத்த அறையையும் கைகால் கட்டிய ஆட்களையும் கற்பனை செய்துகொண்டு வருகிறார்கள். நீங்கள் பார்க்கப்போவது அப்படி எதுவும் இல்லை. வாங்குகளில் வரிசையாக ஆட்கள். உறை போட்ட கிளினிக் கொப்பியை மடியில் வைத்திருக்கும் ஒரு உம்மா. ஹெல்மெட்டைக் கழற்றாமல், முகம் தெரியாதபடி சுவரைப் பார்த்து நிற்கும் ஒரு தம்பி. பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை, அருகே தகப்பன். இலக்கத் துண்டு வாங்கி, பெயர், வயது, விலாசம் கொடுத்து, கூப்பிடும் வரை இருக்க வேண்டியதுதான். காலை நேரத்தோடு போனால் மதியத்துக்குள் திரும்பலாம். தண்ணீரும் தின்ன ஏதாவதும் கொண்டுபோங்கள். படகுத்துறை வழியாகக் குறுமண்வெளிக்கு வந்து போகும் மண்டூர்ப் பக்கத்தவர்கள் திரும்பும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

உள்ளே போனதும் பலருக்கு வாய் அடைத்துவிடும். மூன்று மாதத் துயரத்தை மூன்று நிமிடத்தில் சொல்ல யாராலும் முடியாது. ஆகவே முதல் நாள் இரவே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, நித்திரை எத்தனை மணி நேரம், நிறை குறைந்ததா, நெஞ்சு படபடப்பு எந்த நேரத்தில் வருகிறது, ஏற்கெனவே என்ன மருந்து எடுக்கிறீர்கள், குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி இருந்ததா. பேச முடியாவிட்டால் தாளை நீட்டிவிடுங்கள். அதற்காக எந்த மருத்துவரும் உங்களைக் குறைவாக நினைக்கமாட்டார். அவருக்கு வேலை இலகுவாகும்.

இன்னொன்று. உறவினர் கூட வந்தால் நல்லது, ஆனால் கொஞ்ச நேரமாவது நீங்கள் தனியே பேச வேண்டும். "அம்மா கொஞ்சம் வெளியே இருக்கட்டும் டொக்டர்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. சொல்லத் தயக்கம் என்றால் அந்தத் தாளின் மேலே அதையே முதல் வரியாக எழுதிவிடுங்கள்.

மூன்றாம் படி: ஆளை எடைபோடுவது

மருத்துவர் என்றால் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. உளவளத்துணையாளருக்கு அப்படி ஒரு கட்டாயப் பதிவு நடைமுறையில் இல்லை. யாரும் பலகை மாட்டலாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுவதும் தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கின. சில நாள் பயிற்சி கொடுத்து, சான்றிதழும் தொப்பியும் கொடுத்து, "ஆலோசகர்" என்று அனுப்பினார்கள். அவர்களுள் பிறகு முறையாகப் படித்து அருமையான ஆட்களாக வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியதோடு நின்றவர்களும் இருக்கிறார்கள். சுவரைப் பார்த்து வித்தியாசம் தெரியாது, கேட்டால்தான் தெரியும்.

கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். தொலைபேசியிலேயே இப்படிக் கேட்கலாம்: "வணக்கம் மிஸ், நான் உங்களைப் பார்க்க வர யோசிக்கிறேன். முதலில் சில விடயங்கள் கேட்கலாமா? நீங்கள் எங்கே படித்தீர்கள், எவ்வளவு காலம்? என்னைப் போன்ற பிரச்சினையோடு வருபவர்களைப் பார்த்த அனுபவம் இருக்கிறதா? நான் சொல்வதை எழுதி வைப்பீர்களா, அந்தக் கோப்பு யாருடைய அலுமாரியில் இருக்கும்? உங்களுக்கு மேலே நீங்கள் ஆலோசனை கேட்கும் மூத்தவர் ஒருவர் இருக்கிறாரா?" கடைசிக் கேள்வி முக்கியமானது. நல்ல உளவளத்துணையாளர் எவரும் தனியே வேலை செய்வதில்லை. பெயரைச் சொல்லாமல், தன் வேலையை ஒரு மூத்தவரிடம் காட்டித் திருத்திக்கொள்வார். "அதெல்லாம் எனக்குத் தேவையில்லை, இருபது வருச அனுபவம்" என்பவரிடம் நான் போகமாட்டேன்.

பிறகு அந்த முதல் கேள்வி, நேராகவே: "நீங்கள் எந்த ஊர்? எங்கள் குடும்பத்தில் யாரையும் உங்களுக்குத் தெரியுமா? வெளியில் சந்தித்தால் எப்படி நடந்துகொள்வீர்கள்?" தேர்ச்சி பெற்றவர் இதற்குத் தயாராக இருப்பார். "உங்கள் மாமி என் தங்கையோடு படிப்பிக்கிறார், ஆகவே நீங்கள் வேறொருவரைப் பார்ப்பது நல்லது, பெயர் தருகிறேன்" என்று தானே சொல்பவர் கிடைத்தால், அந்த ஆளின் தரம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. "கோயில் திருவிழாவில் கண்டால் நீங்கள் சிரித்தால்தான் நான் சிரிப்பேன்" என்பதும் நல்ல பதில்தான்.

இரகசியத்துக்கும் எல்லை உண்டு. அதையும் அவரே முதல் சந்திப்பில் சொல்ல வேண்டும். உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், சிறுபிள்ளை ஒன்று துன்புறுத்தப்படுகிறது என்றால், அவர் வேறு ஆட்களிடம் சொல்ல வேண்டிவரும். "எதையும் யாரிடமும் எப்போதும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்பவரைவிட இந்த எல்லையை விளக்குபவரே நம்பகமானவர்.

அவருக்கு நம் வீடுகளைத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட பிடிவாதம். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பார். "மாமியார் வீட்டை விட்டுத் தனிக்குடித்தனம் போய்ப் பாருங்கள் தங்கச்சி" என்று தூர இடத்து ஆலோசகர் ஒருவர் தொலைபேசியில் சொன்னால், வீட்டு உறுதியைக் கையில் வைத்திருக்கும் தங்கச்சி சிரிக்கத்தான் வேண்டும். இங்கே மூச்சுமுட்டுவது பல நேரம் மருமகனுக்கு. நுண்கடன் தவணைக்காரர் வாசலில் நிற்கும் காலையை, மத்திய கிழக்கில் இருந்து மாதத்துக்கு ஒரு தடவை மட்டும் எடுக்கும் தாயை, இன்னும் திரும்பி வராத மகனுக்காக ஒரு கோப்பையைக் கழுவி வைக்கும் வீட்டை அவருக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்க நேர்ந்தால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். ஆனால் ஊர்க்காரர் என்பதால் மட்டும் புரிந்துவிடும் என்றும் இல்லை. தமிழர் முஸ்லிமிடமும் முஸ்லிம் தமிழரிடமும் போய் நல்ல உதவி பெற்றிருக்கிறார்கள். சொந்தக்காரப் பயம் இல்லாததால் சிலருக்கு அதுவே இலகு. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகு சிலருக்கு அது கடினமாகவும் இருக்கலாம். இரண்டையும் மறைக்காமல் சொல்லலாம்.

பெண்கள் பெண் ஆலோசகரைக் கேட்கலாம். ஆண்களும் ஆணைக் கேட்கலாம், கேட்கத் தோன்றுவதில்லை என்பதே சிக்கல். பெண் கிடைக்கவில்லை என்றால், கூட வந்தவர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், பேச்சுக் காதில் விழாத தூரத்தில் இருக்கும்படி ஒழுங்குசெய்யச் சொல்லுங்கள்.

கோயிலும் பள்ளிவாசலும் பரிகாரியும்

"மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்" என்று மற்ற மாவட்டத்தார் நம்மைக் கேலி செய்வார்கள். மந்திரமும் நூலும் அச்சிரமும் இங்கே உண்டு, ஓதிப் பார்ப்பதும் உண்டு. இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களுள் பாதிப்பேர் அங்கே போய்விட்டுத்தான் வந்திருப்பீர்கள். அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்குப் போய் அழுதுவிட்டு வருவதால் ஒரு தாய்க்கு மனம் ஆறுகிறது என்றால் அதை யாரும் பறிக்கக் கூடாது. நான் போடும் கோடு இரண்டுதான்: மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பூசாரி, மௌலவி, போதகர் எவர் பேச்சையும் கேட்காதீர்கள். கட்டிவைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது, மூச்சுத் திணறப் புகை போடுவது ஆகியவை எந்தச் சமயத்திலும் வைத்தியம் அல்ல. நோன்பு காலத்தில் மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் சஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் ஏற்ற ஓர் ஒழுங்கைச் சொல்லித் தருவார்.

நான்காம் படி: மூன்று நான்கு சந்திப்பு பொறுத்துப் பாருங்கள்

உளவளத்துணைச் சந்திப்பு பொதுவாக முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். வாரத்துக்கு அல்லது இரு வாரத்துக்கு ஒரு தடவை. முதல் சந்திப்பில் அவர் கேட்பார், நீங்கள் சொல்வீர்கள். வெளியே வரும்போது பாரம் கூடியதுபோல்கூட இருக்கும். அது வழமை. மனச்சோர்வுக்கான மாத்திரைகளும் அன்றிரவே வேலை செய்வதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட. அதற்கு முன் வாய் உலர்வு, குமட்டல், தூக்கக் கலக்கம் வந்து மிரட்டும். "ஒரு கிழமை போட்டேன், சரிவரவில்லை" என்று போத்தலை அலுமாரிக்குள் வைத்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நிறுத்த வேண்டுமானால் மருத்துவரிடம் சொல்லி, படிப்படியாக.

மூன்று நான்கு சந்திப்புக்குப் பிறகு உங்களையே கேட்டுப் பாருங்கள். அங்கே போகும் முன் மறைக்க வேண்டியவற்றின் பட்டியல் போடுகிறீர்களா? அவர் சொன்னதைவிட நீங்கள் சொன்னது அதிகமா? சென்ற முறை சொன்னது அவருக்கு நினைவிருக்கிறதா? நீங்கள் "அது எனக்குச் சரிவராது" என்று சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது? எந்த முறையில் சிகிச்சை என்பதைவிட, பார்ப்பவருக்கும் உங்களுக்கும் இடையிலான ஒட்டுதல் பலனைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது இந்தத் துறையில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட உண்மை. ஒட்டவில்லை என்றால் மாறலாம். "மிஸ், உங்களிடம் குறை இல்லை, எனக்கு வேறொருவரிடம் கதைத்துப் பார்க்க விருப்பம், யாரையாவது சொல்வீர்களா" என்றால் போதும். நல்லவர் கோபப்படமாட்டார். அரச கிளினிக்கில் ஆளைத் தெரிவுசெய்யும் வசதி குறைவுதான், என்றாலும் கேட்டுப் பார்ப்பதில் நட்டம் இல்லை.

சில இடங்களில் இருந்து பொறுமை பார்க்காமல் எழுந்து வர வேண்டும். ஒரே நாளில் சுகப்படுத்துவதாகச் சொல்பவர். வேறொருவரின் கதையை, பெயர் சொல்லாமல் என்றாலும் ஊரைச் சொல்லி, உங்களுக்குச் சொல்பவர். நாளை உங்கள் கதையும் அப்படித்தான் போகும். மதம் மாறினால் தீரும் என்பவர். "அவர் அடிக்கிறார் என்றால் நீ என்ன செய்தாய்" என்று பெண்ணிடம் கேட்பவர். கடன் கேட்பவர், பல மாதக் கட்டணத்தை முன்கூட்டி வாங்குபவர். தேவையில்லாமல் தொடுபவர், இரவில் தனிப்பட்ட செய்தி அனுப்புபவர், அலுவலகத்துக்கு வெளியே சந்திக்கக் கூப்பிடுபவர். கடைசியாகச் சொன்ன வகை நடந்தால் எழுந்து வருவதோடு விடாதீர்கள். அவர் அரச ஊழியர் என்றால் பிரதேச செயலாளருக்கோ மருத்துவமனைப் பணிப்பாளருக்கோ எழுத்தில் கொடுங்கள்.

தொலைபேசி வழியாக

ஊரில் யாரையும் நம்ப முடியாதவர்களுக்கு யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கும் தமிழ் பேசும் ஒருவருடன் வாட்ஸ்அப்பிலோ சூமிலோ கதைப்பது நல்ல வழி. சிக்கல் ஆளில் இல்லை, இடத்தில். நம் வீடுகளில் கதவு சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் கதைத்தால் அதுவே ஊர்க் கதையாகிவிடும். கல்லடிக் கடற்கரையில் காற்று இரைச்சலில் எதிர்ப்பக்கம் ஒன்றும் கேட்காது. நிழலில் நிறுத்திய முச்சக்கரவண்டி, பாடசாலை விட்ட பிறகு வெறுமையாகும் வகுப்பறை, வீட்டார் திருவிழாவுக்குப் போன மாலை என்று ஏதாவது தேடிக்கொள்ள வேண்டும். காதில் கருவி மாட்டினால் அவர் சொல்வதாவது வெளியே கேட்காது. கட்டணத்தையும், இணைப்பு அறுந்தால் யார் திரும்ப எடுப்பது என்பதையும் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்.

வர மறுக்கும் ஒருவருக்காக நீங்கள் தேடுகிறீர்கள் என்றால்

கணவரோ அண்ணனோ "எனக்கு என்ன விசரா" என்று கதவைச் சாத்தியிருக்கலாம். இழுத்துக்கொண்டு போக முயல வேண்டாம். முதலில் நீங்கள் மட்டும் போங்கள். மனநலப் பிரிவின் சமூக சேவையாளரிடமோ செயலகத்து உத்தியோகத்தரிடமோ வீட்டில் நடப்பதைச் சொல்லுங்கள். எப்படிக் கதை கொடுப்பது, எப்போது விட்டுப்பிடிப்பது, எந்த அறிகுறி வந்தால் உடனே கொண்டுவருவது என்று சொல்லித் தருவார்கள். சில இடங்களில் வீட்டுக்கே வருவார்கள். பேச்சைத் தொடங்கும்போது மனதை விட்டு உடம்பில் இருந்து தொடங்குங்கள். "அண்ணா, உங்களுக்கு நித்திரை இல்லை என்று தெரிகிறது, அதற்கு மட்டும் மருந்து எடுப்போம்" என்றால் மறுப்பவர் குறைவு. ஆனால் வேறு இடம் என்று பொய் சொல்லிக் கிளினிக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். அடுத்த தடவை அவர் வாகனத்தில் ஏறவே மாட்டார். வர ஒப்புக்கொண்ட நாளில் யார் கூட வருவது என்பதை அவரே சொல்லட்டும். பல வீடுகளில் அது மனைவியாகவோ தாயாகவோ இருப்பதில்லை, சின்ன வயதுக் கூட்டாளி ஒருவராக இருக்கிறார். அவரை முதல் நாளே கூப்பிட்டுச் சொல்லிவைத்து, மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடித்துக் கொடுங்கள்.